தடியன்

இந்தக் கதையில் சிஷ்யருக்குக் குருவைப்போல இரண்டு பங்கு வயசு. சிரிக்க வேண்டாம். தேவசகாயம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரில் எழுத்துரு செய்யக் கற்றுக்கொள்ள ஃபஸீலாவிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் சார்.

தன் முதல் எழுத்துருவுக்குத் தடியன் என்று பேர் வைத்தார். பலகைக்கும் போஸ்டருக்கும் உண்டானது. மார்க்கர் பேனாவால் கையில் வரைந்த மாதிரி, மெலிசு என்பதே இல்லாமல் ஒரே தடிமன், கொஞ்சம் கோணல். சுழிகளுக்குள் இன்னும் கொஞ்சம் வெள்ளை விடுங்கள் என்று டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். விட்டால் கம்பீரம் போய்விடும் என்று இவர் ஒரே பிடிவாதம்.

ஆற்றில் பாறைக்குக் கீழே ஒரு மடு. சித்திரை மாதம் ஒரு கல்லூரிப் பையன் அங்கே குளிக்க இறங்கினான், திரும்பி வரவில்லை. ஊராட்சியில் எச்சரிக்கைப் பலகை கேட்டார்கள். ‘இங்கே ஆழம், இறங்காதீர்’ என்று இரண்டு வரியைத் தடியனில் அமைத்துக் கொடுத்தார் தேவசகாயம். மறுநாள் பலகையை நடப்போகிறார்கள்.

"நல்லாயிருக்கா டீச்சர்?"

அவள் அச்சான பலகையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அவரையும் ஆற்றுக்குக் கூட்டிப் போனாள். பலகையைத் தண்ணீர் ஓரம் பாறையில் சாய்த்தாள். அவரை மேலே ரோட்டில், ஆட்கள் வண்டியை விட்டு இறங்குகிற இடத்தில் நிற்கச் சொன்னாள்.

"நான் தண்ணிக்குள்ள நடக்கப் போறேன். பலகையில இருக்கிறத சத்தமா படிங்க சார். சரியா படிச்சா நின்னுடுவேன்."

இது ஒரு பரீட்சையா என்று அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் துணியை எடுத்தாள். மஞ்சளில் கன்னங்கரேலென்று இரண்டு வரி. தன் எழுத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ‘இங்கே ஆழம், இறங்காதீர்’ என்று வகுப்பறைக் குரலில் படித்தார்.

அவள் இறங்கினாள். முழங்கால் நனைந்தது.

காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகப் படித்தார். இடுப்பளவு போய்விட்டாள். என்ன விளையாட்டு இது என்று கோபம் வந்தது. வார்த்தை வார்த்தையாக நிறுத்திப் படித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. அந்தப் பையனின் அம்மா இதே மணலில் விழுந்து புரண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. செருப்பை உதறிவிட்டுச் சரிவில் ஓடினார்.

"டீச்சர், மேலே வந்துடுங்க."

அவள் நின்றாள். திரும்பி, நிதானமாகக் கரையேறி வந்தாள்.

"இப்பத்தான் சரியா படிச்சீங்க சார்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் போனார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடைந்துபோன சுழிகளுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் படித்தார். ‘டீச்சர், மேலே வந்துடுங்க’ என்று இருந்தது. சோதனைக்கென்று இந்த ஒரு பலகைக்கு மட்டும், அச்சுக்குக் கொடுக்கும் முன் அவள் வரிகளை மாற்றியிருந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னாள்:

"எனக்கு நீச்சல் தெரியும் சார். நாளைக்கு வர்றவனுக்கு?"