ஏரிப் பாஷைத் துறை

"இங்கே எத்தனை பேர் படிக்கிறாங்கம்மா?" என்று கேட்டான் மாசிலாமணி.

தெரியாமல் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பதிவாளரே அவன்தான். மாணவர்களே இல்லாத அந்தத் துறையை இழுத்துப் பூட்டிச் சாவியை வாங்கிப்போக வந்திருந்தான். கம்ப்யூட்டர் துறைக்கு இடம் பற்றவில்லையாம்.

முன்னொரு காலத்தில் ஏரிக்குக் கரை கட்டியபோது மூழ்கிப்போன ஓர் ஊரின் பாஷையைச் சொல்லித்தரும் துறை அது. அந்தப் பாஷையைப் பேசுகிறவர் ஒருவரும் உயிரோடு இல்லை. மாசிலாமணியே அங்கே ஒரு வருஷம் படித்துவிட்டு, இது சோறு போடாது என்று வணிகவியலுக்கு ஓடினவன்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

பேராசிரியர் உலகம்மை கடிகாரத்தைப் பார்த்தார். "உச்சி ஆகுது, வா" என்று பின்பக்கம் ஏரிப் படித்துறைக்குக் கூட்டிப்போனார்.

மதிய மணி அடித்தது. கத்திக்கொண்டிருந்த காக்கைகள் சட்டென்று நிறுத்திக்கொண்டன. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

மாசிலாமணி உலகம்மையின் பக்கம் ஒட்டிக்கொண்டான். அது பேசியது புரிந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என்ன கேக்குறாங்க?" என்றார் உலகம்மை.

"மேலே யாராவது இருக்கீங்களான்னு."

"பரவாயில்லையே. முதல் வருஷப் பாடம் மறக்கலை."

அவர் குனிந்து பதில் சொன்னார். கரகரத்த குரல், பக்கத்தில் நின்றவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. கீழேயிருந்து அதே கேள்வி மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில். நீர் ஒரு படி ஏறியது.

"தினமும் கேப்பாங்களா?"

"தினமும்தான். எனக்குத் தொண்டை போயிடுச்சு. அதனாலதான் இன்னொரு ஆள் போடுங்கன்னு எழுதி எழுதிக் கேட்டேன். நீதான் வேண்டாம்னுட்டே."

"பதில் போகலைன்னா?"

"இடம் காலியா இருக்குன்னு குடிவந்துருவாங்க."

இன்னொரு படி முழுகியது.

"என்ன சொல்லணும்னு சொல்லுங்கம்மா, நான் கத்தறேன்."

உலகம்மை அவன் காதில் சொன்னார். அவன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். ஏறிய நீர் அப்படியே நின்றது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவ்வளவுதானே?" என்று சிரிக்கப் பார்த்தான்.

அதற்குள் குரல் வேறொன்று கேட்டது. இந்தமுறை அவனுக்குப் புரியவில்லை.

"இப்ப என்னம்மா?"

"இது ரெண்டாம் வருஷப் பாடம்" என்றார் உலகம்மை. "எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்குறாங்க. நீதான் கணக்கோட வந்திருக்கியே, சொல்லு."