சுண்டக்காப்பட்டி போட்ட நாடகம்

சுண்டக்காப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. இருந்தால்தானே பஞ்சம் வர!

அந்த ஊருக்கு டவுனிலிருந்து டிரஸ்ட் அம்மா ஒருத்தர் ஜீப்பில் வந்தார். ஜனங்கள் கூடி ஆடிப்பாடினால் மனசும் உடம்பும் தெம்பாகும், செலவு எங்களுடையது என்றார். மேடைப் பலகை, திரைச்சீலை, கிரீடம், புத்தம்புது ஆர்மோனியம் எல்லாம் இறங்கின.

"ரெண்டே விஷயம்தான். ஒருத்தர் விடாம எல்லாரும் நடிக்கணும். ஒருத்தர் விடாம எல்லாரும் பார்த்து ரசிக்கணும். திருவிழாவுக்கு வருவேன். சரியா நடந்தா சாமானெல்லாம் உங்களுக்கே. இல்லேன்னா பக்கத்து ஊருக்கு ஏத்திடுவேன்."

கூட்டத்தில் நின்ற சோணை சும்மா ஆர்மோனியத்தை ஒரு அமுக்கு அமுக்கினான். பிறந்ததிலிருந்து ஊரையே தூங்கவிடாத செங்கமலத்தின் கைக்குழந்தை தேனு, சட்டென்று தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. செங்கமலம் அன்றைக்குத்தான் உட்கார்ந்து சோறு தின்றாள். இந்தப் பெட்டி ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

ஊர் கூடியது.

"நடிக்கிறவன் மேலே, பார்க்கிறவன் கீழே. ஒரே ஆளு ரெண்டு இடத்துல எப்படிய்யா இருக்கிறது?" என்றார் தலைவர் வெள்ளைச்சாமி.

"வலது கண்ணால நடிச்சு, இடது கண்ணால பார்த்தா?" என்றான் கறிக்கடை ஒச்சப்பன்.

"அப்பக் கையத் தட்டுறது யாரு, காதா?" என்றார் தலைவர்.

செங்கமலம் எழுந்தாள். "நான் ஒரு கையி சோத்துப்பானையில, ஒரு கையி தொட்டில்லனு ஓடி ஓடிப் பார்க்கலையா? அவுகவுக வசனத்தைப் பேசிட்டு, கீழே குதிச்சு உக்காந்து ரசிக்க வேண்டியதுதான். மறுபடி வசனம் வந்தா ஏறிக்கிறது."

ஊரே வாயைப் பிளந்தது. இப்படி ஒரு மூளை இத்தனை நாள் சோறு வடித்துக்கொண்டா கிடந்தது! அவளையே ராணியாக்கினார்கள். தலைவர் ராஜா. ஒச்சப்பன் அரக்கன். ஒருத்தரையும் விடக் கூடாதே, தேனு மந்திரி.

திருவிழா வந்தது. டிரஸ்ட் அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"மந்திரியாரே, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று ராஜா கேட்டார். மந்திரி ராஜாவின் மடியிலேயே பொழிந்தார்.

அடுத்து அரக்கன் வந்து கர்ஜித்துவிட்டு, கீழே குதித்து உட்கார்ந்தான். ராஜா வாளை ஓங்கினார். எதிரே ஆளைக் காணோம்.

"எங்கேடா போன?"

"கீழதாண்ணே இருக்கேன். நீங்க வெட்டுங்க, எடுப்பா இருக்கு!"

ராஜா காற்றை வெட்டினார். அரக்கன் தன் சாவைப் பார்த்து விசில் அடித்தான். அதற்குள் தன் வீரத்தை ரசிக்க ராஜாவும் குதித்து ஓடிவந்தார்.

கடைசியில் கதைப்படி ராஜா செத்துப்போக, ராணியின் ஒப்பாரி. செங்கமலம் ஒரு அடி பாடினாள். பாடியதும் ஓடிவந்து உட்கார்ந்து, தன் பாட்டுக்குத் தானே தேம்பினாள். ஆர்மோனியம் வாசித்த சோணையும் இறங்கிவந்து அழுதான்.

மேடை காலி. ஊரே அண்ணாந்து பார்த்து அழுதது. ரொம்ப நேரமாயிற்று.

"அடுத்த அடியை யாரு பாடுறது?" என்றார் தலைவர்.

"ராணிதான்."

"ராணி எங்கே?"

"இந்தா, அழுதுக்கிட்டு இருக்கேன். அழுகை முடியட்டும், வாரேன்," என்றாள் செங்கமலம்.

டிரஸ்ட் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாற்காலி சாய்ந்து தரையில் விழுந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஆம்பளைய வாரிக் குடுத்துட்டு ராணி அழுகுறா, இந்தம்மாவுக்குச் சிரிப்பைப் பாரு," என்று முனகினான் ஒச்சப்பன்.

மூச்சு வாங்கி, "ஆர்மோனியம் உங்களுக்கேதான்!" என்றார் அந்த அம்மா.

செங்கமலம் துள்ளிக் குதித்தாள். ஆனால் தலைவர் கையை உயர்த்தினார். "அவசரப்படாதீக. ஒருத்தர் விடாம ரசிக்கணும்னு பேச்சு. ஆர்மோனியம் இன்னும் ஒரு காட்சிகூடப் பார்க்கலையே!"

நியாயம்தானே. தூக்கிவந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இத்தனை சத்தத்தில், செங்கமலத்தின் தோளில் தூங்கிய தேனு விழித்து வீறிட்டது.

"சோணைண்ணே, கொஞ்சம் வாசிங்களேன்!"

"எப்படி ஆத்தா வாசிக்க? அது நாடகம் பார்க்குதுல்ல!"

அது பார்க்க ஒரு காட்சியாவது வேண்டுமே என்று செங்கமலம் தேனுவை மேடையில் உட்காரவைத்தாள். மந்திரியார் முதல்முறையாக வசனம் பேசினார். ஊர் அதிரக் கைதட்டியது.

"நம்ம ஆர்மோனியம் ரசிக்குதாண்ணே?" என்று கவலையோடு கேட்டாள் செங்கமலம்.

சோணை குனிந்து துருத்தியில் காதை வைத்துப் பார்த்தான்.

"ரசிக்காம? மூச்சே விடாம பார்க்குது, பாரு!"