குறைந்தபட்சம் போதும்

மலைமேல் இருந்த ஆசிரமத்தின் கணினிகள் எல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் வாங்கித் தந்தவை. கடையிலேயே விலை குறைந்தவை. புதிய இயங்குதளம் வெளிவந்ததும் சீடர் தீர்த்தகிரி அறிவிப்பைப் படித்தார். குறைந்தபட்சம் வேண்டும் என்று போட்டிருந்த நினைவகம் இவற்றிலும் இருந்தது. போதாதா? தூக்கம் கெட்டு எல்லாவற்றிலும் ஏற்றினார்.

அன்றிலிருந்து கணினி அறையை ஏழரை பிடித்துக்கொண்டது. கணினி திறப்பதற்குள் காபி ஆறிப்போகும். தட்டிய எழுத்து திரைக்கு வர நாள் நட்சத்திரம் பார்க்கும்.

அடிவாரத்து மரகதவல்லி அங்கேதான் தட்டச்சு பழகினாள். புருஷன் போன பிறகு, வரப்போகும் தட்டச்சுத் தேர்வு ஒன்றையே நம்பியிருந்தவள். அவள் வேகம் பாதியாகிவிட்டது. ஒருநாள் காலை, தேர்வுக்கே போகப் போவதில்லை என்று அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள்.

தீர்த்தகிரி அலுத்துப்போய்க் குரு நாச்சியாரம்மாவிடம் வந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். அன்று ஏகாதசி. விரத நாளில் ஒரு டம்ளர் கஞ்சிதான். யாருக்கும் வேலையும் கிடையாது.

"இதுல ஓடும்னு அவங்களே போட்டிருக்காங்கம்மா. ஓடவும் செய்யுது. அப்புறம் ஏன் இந்தப் பாடு?"

"கஞ்சி குடிச்சீங்களா?"

"ஆச்சும்மா."

"போதுமா?"

"குறைந்தபட்சம் அது போதும். உசிரு நிக்கும்."

"அப்போ அடிவாரக் கிணத்துல ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்க."

தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மறுபேச்சு பேசாமல் போனார். திரும்பி ஏறும்போது பாதிப் படியிலேயே கால் நடுங்கியது, கண் இருட்டியது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே வந்து இறக்கியபோது பாதித் தண்ணீர் வேட்டியில் இருந்தது. அவமானமாக இருந்தது அவருக்கு.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"தெம்பில்லம்மா. வெறும் கஞ்சிதானே."

அம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"மரகதத்துகிட்ட காலையில என்ன சொன்னீங்க?"

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது, உன் விரலுதான் ஓடலேன்னு சொன்னேன்."

அம்மா தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கஞ்சியில ஒரு குறையும் இல்ல. உங்க காலுதான் சோம்பேறி. போயிட்டு வாங்க."

தீர்த்தகிரி எழுந்து, குடத்தை எடுக்காமல், மரகதத்தின் வீட்டுக்குப் படியிறங்கினார்.