முத்திரை விழாத மரக்கால்

முன்னொரு காலத்தில் பொன்னேரகம் என்ற நாட்டைக் கோளரிவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் வெளிதேசத்துச் சரக்கு என்றால் வாயைப் பிளப்பான். போன வருஷம் மலைநாட்டுக் கம்பளி ஆட்டை வரவழைத்தான். பாவம், சித்திரை வெயிலில் அது நாலே நாளில் கண்ணை மூடியது.

இந்த வருஷம் அவன் கண் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. "எந்தத் தேசத்துக் கல்வி உசத்தி? பார்த்து வாரும்" என்று சபைப் பண்டிதர் சம்புநாதரை அனுப்பினான். அவர் கப்பலிலும் பல்லக்கிலும் மூன்று தேசம் சுற்றி, எல்லாவற்றையும் கலந்து ஒரு தேர்வு தயாரித்துக்கொண்டு வந்தார்.

அதே ஊரில், நெல்லுக்கடைத் தெருவில், செங்கமலம் என்பவள் பள்ளிக்கூடம் நடத்தினாள். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பண்டிதரை விட்டுவிட்டு அவளிடம்தான் போவார்கள். சம்புநாதருக்குப் பொறுக்குமா? அவளுடைய நாற்பது பிள்ளைகளையும் அரண்மனை முற்றத்துக்கு வரவழைத்துத் தேர்வு வைத்தார். ஆளுக்கு நூற்றுக்கு ஒன்பதுதான் வந்தது.

"இழுத்துப் பூட்டு!" என்றான் ராஜா.

செங்கமலத்திடம் படிப்பதெல்லாம் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டால் அவர்கள் தோளிலும் மறுநாளே மூட்டை ஏறிவிடும். காலையில் அவள் நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"மகாராஜா, பூட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நெல்லுக்கடைத் தெருவில் அரண்மனை முத்திரை இல்லாத மரக்காலால் நெல் அளந்தால் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்களே?"

"நான் போட்ட சட்டம்தான்."

"முத்திரை எப்படிப் போடுவார்கள்?"

"இதுகூடத் தெரியாதா? அளவு தெரிந்த நெல்லைக் கொட்டிப் பார்ப்பார்கள். சரியாக நின்றால் முத்திரை. இல்லையென்றால் மரக்காலை உடைத்துவிடுவார்கள்."

"பண்டிதரின் தேர்வும் பிள்ளைகளை அளக்கிற மரக்கால்தானே? அறிவாளி என்று நாடே ஒப்புக்கொண்ட ஒருவரை முதலில் அதில் அளந்து பார்க்க வேண்டாமா?"

ராஜா மீசையைத் தடவினான். "அப்படி ஒருவர்... வேறு யார், நான்தான்! வையும் சம்புநாதரே, தேர்வை!"

சம்புநாதருக்கு வியர்த்தது. "மகாராஜா, இது சின்னப் பிள்ளைகளுக்கான..."

"அப்படியானால் எனக்கு இன்னும் சுலபம்!"

முதல் பாகம் மலைநாட்டுடையது. அங்கே வாய் திறக்காமல் உட்காருவதுதான் கல்வி. ஒரு நாழிகை மௌனமாக இருக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் ராஜா, "ஆயிற்றா?" என்றான். அது போயிற்று. அடுத்தது பாலைநாட்டுடையது. நூறு பாட்டைக் கேட்டு அப்படியே ஒப்பிக்க வேண்டும். மூன்றாவது பாட்டிலேயே ராஜா கொட்டாவி விட்டான். கடைசி தீவுநாட்டுடையது. அங்கே ஆசிரியர் பேசும்போது குறுக்கே புகுந்து கேள்வி கேட்கிறவன்தான் கெட்டிக்காரன். முதல் பாகத்தில் பேசிக் கெட்ட ராஜா, இந்த முறை உஷாராக வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு?" என்று ஆசையாகக் கேட்டான்.

சம்புநாதர் ஓலையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "நூற்றுக்கு... நான்கு, மகாராஜா."



"சொல்லுங்கள் பண்டிதரே," என்றாள் செங்கமலம். "மரக்கால் கோணலா, நெல் குறைவா?"

"மரக்கால்தான்! சத்தியமாக மரக்கால்தான் கோணல்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். திடீரென்று நிறுத்தினான். "அந்தப் பிள்ளைகள் ஒன்பது வாங்கினார்களே! என்னைவிடத் தேவலை. சரி அம்மா, உன் பள்ளிக்கூடம் நல்லதா இல்லையா என்று நான் எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"யாராவது வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும், மகாராஜா. இதுவரை ஒருவரும் வந்ததில்லை."

"சம்புநாதரே, நீர்கூடவா போகவில்லை?"

பண்டிதர் தலையைக் குனிந்தார்.

ராஜா உடனே தீர்ப்புச் சொன்னான். பள்ளிக்கூடத்தைப் பூட்டக் கூடாது. அதன் கூரைக்கு அரண்மனைச் செலவில் புது ஓடு போட வேண்டும். சம்புநாதர் பல்லக்கு இல்லாமல் நடந்தே போய், ஒரு மாதம் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து, அவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை சம்புநாதர் கிளம்பினார். அரண்மனை வாசலில் பூ விற்கிறவளிடம் குரலைத் தாழ்த்தி, "ஏன் அம்மா, இந்த நெல்லுக்கடைத் தெரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். எதிர்த்தெருதான்.