இமைக்கும் கண்

மலையடிவாரத்தில் வேலம்மாளின் மடம் இருந்தது. மடம் என்றால் ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஆறு அறைகள், பின்னால் ஓர் ஓடை. அவ்வளவுதான். குடியையோ பொடியையோ ஊசியையோ விட முடியாதவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். வேலம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் அவளுக்கு மூத்தவர்கள். ஆனாலும் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்நேரமும் மடியில் பஞ்சை வைத்துக்கொண்டு விளக்குக்குத் திரி திரித்தபடியே பேசுவாள்.

குணசீலனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கண் மருத்துவர். ஆயிரக்கணக்கான கண்களுக்கு வெளிச்சம் கொடுத்த கை அவருடையது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நண்பர் ஒருவர் கொக்கெய்ன் பொடியை நீட்டினார். ஒரு தடவைதானே என்று இழுத்தார். அந்த ஒரு தடவை நான்கு வருடம் நீண்டது. கடைசியில் மருத்துவமனை கறாராகச் சொல்லிவிட்டது: வேலம்மாளிடமிருந்து கடிதம் வாங்கி வந்தால்தான் இனிக் கத்தியைத் தொடலாம்.

மடத்தில் நூறு நாள் இருக்க வேண்டும். வந்த அன்றே, தன்னைக் கவிழ்த்த பொருளை, அது இருந்த பாத்திரத்தோடு வேலம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதைக் கூடத்து மாடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பாள். கொடுத்தவரே தினமும் காலையில் அதைத் துடைத்து வைக்க வேண்டும். திறக்கக் கூடாது. திறந்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தப் பொருளின் பிறப்புக் கதையை எல்லோர் முன்னாலும் ஒருநாள் சொல்ல வேண்டும். திட்டாமல் சொல்ல வேண்டும்.

“திட்டாம எப்படிம்மா? என் குடும்பத்தையே அழிச்சது அது” என்றார் குணசீலன்.

“உங்களை மாதிரி ஒருத்தரையே இழுத்துட்டு வந்திருக்கு. சாதாரணமானதா இருக்குமா? மரியாதையாச் சொல்லுங்க.”

பன்னிரண்டாம் நாள் சொன்னார்.

“அது ஒரு செடியோட இலை.”

“செடியா?” என்றான் லாரி ஓட்டுநர் பொன்னுரங்கம். குடியை விட வந்தவன். “நான் ஏதோ பெயிண்ட் கடைச் சரக்குன்னுல்ல நெனச்சேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். குணசீலனும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“கடலுக்கு அந்தப் பக்கம், தென்னமெரிக்காவுல மேகத்துக்கும் மேல போற மலைங்க இருக்கு. அங்க மூச்சு விடறதே கஷ்டம். அந்த ஜனங்க ஆயிரக்கணக்கான வருஷமா அந்த இலையைக் கொஞ்சம் சாம்பலோட சேர்த்துக் கன்னத்துல அடக்கிக்குவாங்க. பசி தெரியாது, களைப்பு தெரியாது. சாமிக்கும் அதைத்தான் படைப்பாங்க.”

“அவங்க யாரும் உங்களை மாதிரி ஆகலையா?” என்றான் பொன்னுரங்கம்.

“இலை மெதுவாத்தான் ஏறும். ஐரோப்பாவுல ஒருத்தர் இலையிலிருந்து அந்தச் சத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்தார். வெள்ளை வெளேர்னு. நாக்குல வெச்சா நாக்கு மரத்துப்போச்சு.”

பிறகு குணசீலன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதுக்கு முன்னாடி கண்ணுல கத்தி வெக்கணும்னா நாலு பேர் பிடிச்சுக்கணும். ஒரு இளம் டாக்டர் அந்த மருந்தைக் கரைச்சுத் தன் கண்ணுல விட்டுக்கிட்டார். கண்ணாடி முன்னாடி நின்னு, குண்டூசித் தலையால கருவிழியைத் தொட்டார். கண் இமைக்கல. ஊசி வர்றது தெரியுது, தொடறது தெரியல. அந்த ஒரு நிமிஷத்துலதான் என் தொழிலே பொறந்துச்சு.”

பொன்னுரங்கம் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். குணசீலன் தொடர்ந்தார்.

“அப்புறம் அதை ஒயின்ல கலந்தாங்க, பல்வலி மருந்துல கலந்தாங்க. சில டாக்டருங்க தங்களுக்கே ஊசி போட்டுச் சோதிச்சுப் பார்த்து, அதுலயே மாட்டிக்கிட்டாங்க. கெட்டவங்க இல்ல. வலியை ஒழிக்கணும்னு நெனச்சவங்க.”

வேலம்மாள் திரித்த திரியை ஓரமாக வைத்தாள். “மரியாதையாத்தான் சொன்னீங்க” என்றாள்.

நூறாம் நாள் காலை குணசீலன் மாடத்திலிருந்த தன் பொடி டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு, பையோடு கூடத்துக்கு வந்தார். பத்து மணிக்குப் பேருந்து. வேலம்மாள் மடித்த கடிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

“அம்மா, நாப்பத்தோராவது நாள் அந்த டப்பாவைத் திறந்துட்டேன்.”

பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டான். “இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தீங்களே சார்! இன்னும் கால் மணி நேரம் மூடியிருந்தா பஸ் வந்திருக்குமே!”

வேலம்மாள் சிரிக்கவில்லை. “உள்ள என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல. கழுவி வெச்சிருந்தீங்க.”

“வந்த அன்னிக்கே ஓடையில கொட்டிட்டேன். இதை ஏன் இப்பச் சொல்றீங்க?”

“நாளைக்கு யாரோ ஒருத்தர் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு என் முன்னாடி படுத்திருப்பார். இந்தப் பொய்யோட அங்க உக்கார முடியாது.”

அவள் கடிதத்தை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். “அப்ப, இன்னிக்கு முதல் நாள்.”

“சரிம்மா.” அவர் பையைக் கீழே வைத்தார். ஆனால் நகரவில்லை. “எனக்குப் பயம் நாள் கணக்கைப் பத்தி இல்ல. வெறும் டப்பான்னு தெரிஞ்ச பிறகும் அம்பத்தொம்பது நாள் துடைச்சேன். தினமும் பக்கத்துல போனாலே கை நடுங்குது. வாய் கசக்குது, மூக்கு மரத்துப்போகுது. இன்னிக்குக் காலையிலயும்தான். உள்ள ஒண்ணுமே இல்லாத தகரத்துக்கு இவ்வளவு பலமா? உலகத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லம்மா.”

“வேற எங்கயாவது கை நடுங்குதா?”

“இல்ல. ஊசியில நூல் கோர்த்துப் பார்த்தேன், நடுங்கல. அதுகிட்ட மட்டும்தான். இது எப்ப நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. இன்னும் நூறு நாளா, ஆயிரம் நாளா, இருக்கறேன்.”

வேலம்மாள் மடியிலிருந்த பஞ்சில் ஓர் இழையைப் பிய்த்து, நுனியை மெல்லியதாகத் திரித்தாள்.

“கண்ணை நல்லாத் திறந்து வைங்க. இமைக்கக் கூடாது.”

என்ன செய்யப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை விரித்தார். பஞ்சு நுனி கருவிழியைத் தொட்டதுதான் தாமதம், இமை படக்கென்று மூடிக்கொண்டது.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் மூடிக்கொண்டது. கன்னத்தில் நீர் வழிந்தது.

“எவ்வளவு முயற்சி பண்ணாலும் முடியலம்மா. கண்ணைக் காக்கற இமை இது, கண் மரத்துப்போனாத்தான் மூடாம இருக்கும்” என்றார்.

வேலம்மாள் பஞ்சை மடியில் போட்டுக்கொண்டாள்.

“இது எப்ப நிக்கணும்னு ஆசைப்படறீங்க, டாக்டர்?”