சாப்பாடு என்றால் என்ன, மகாராஜா?

வெள்ளியம்பாடி ராஜா முத்துவிசயனிடம் ஒரு குணம். புதிதாக எதைக் கேட்டாலும் மயங்கிவிடுவார். மயங்கியதும் அதைச் சட்டமாக்கிவிடுவார்.

அப்படித்தான் உத்தண்ட பண்டிதர் வந்து சேர்ந்தார். கட்டுரை இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"மகாராஜா, இங்கே யாருக்கும் எழுதவே தெரியவில்லை. ஒரு சொல்லைப் போட்டால் அதற்கு வரையறை வேண்டாமா? ஒன்றைச் சொன்னால் ஆதாரம் வேண்டாமா?" என்றார்.

ராஜா அசந்துபோனார். அன்றைக்கே தண்டோரா முழங்கியது. வரையறுக்காத சொல்லை வைத்துக்கொண்டு அரண்மனையில் இனி ஒரு வேலையும் நடக்காது!

மந்திரி வடிவம்மைக்கு அதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது. ஆனால் மறுநாள் காலை கூளப்பாடி விவசாயி மாசாணம் மூச்சிரைக்க அவைக்குள் ஓடிவந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவன் நீட்டிய ஓலையில் இரண்டே வரி. 'ஏரிக்கரை உடைந்துவிட்டது. அடைக்கக் கொஞ்சம் ஆட்களை அனுப்புங்கள்.'

பண்டிதர் ஓலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏரி என்றால் என்ன? வரையறை இல்லை. உடைப்பு என்றால்? அதுவும் இல்லை. போகட்டும், இது எந்த வகைக் கட்டுரை? வருணனையா, விளக்கமா, வாதமா?"

"கட்டுரை இல்லீங்க சாமி. ஏரிங்க!"

"ஆதாரம்?"

"வயக்காட்டுல ஓடிக்கிட்டு இருக்குதுங்க!"

"திருத்தி எழுதிக்கொண்டு வா" என்று ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பண்டிதர்.

மாசாணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வடிவம்மை ராஜாவிடம் திரும்பினாள். "மகாராஜா, அங்கே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது..."

"நான் போட்ட சட்டத்தை நானே மீறலாமா, அம்மணி?" என்றார் ராஜா.

வாதாடினால் ராஜாவின் பிடிவாதம்தான் ஏறும். அது வடிவம்மைக்குத் தெரியும். ராஜாவுக்குப் பசி வரும் நேரம் என்பதும் தெரியும். விறுவிறுவென்று சமையற்கட்டுக்கு நடந்தாள். தலைமைச் சமையற்காரர் வீரணனின் காதில் ஏதோ ஓதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் திரும்பிவந்தாள்.

சற்று நேரத்தில் ராஜா கையைத் தட்டினார். "வீரணா, சாப்பாடு கொண்டு வா!"

வீரணன் கைகட்டி நின்றார். "சாப்பாடு என்றால் என்ன, மகாராஜா?"

பண்டிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தீர்களா, சட்டம் சமையற்கட்டுவரை போய்விட்டது! எழுதிக்கொள்ளப்பா. பசியைத் தீர்ப்பது எதுவோ, அது சாப்பாடு."

வீரணன் போய் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து ராஜாவின் முன்னால் வைத்தார். "லாயத்தில் குதிரைக்கு இதில்தான் பசி தீர்ந்தது, மகாராஜா."

பண்டிதர் திடுக்கிட்டார். "இல்லை, இல்லை! அரிசியை வேகவைத்தது!"

வீரணன் ஒரு வாளியோடு வந்தார். துணிக்குப் போடுகிற கஞ்சி.

ராஜாவின் வயிறு கடமுடவென்று உருண்டது. பண்டிதர் நெற்றியைத் துடைத்தார். "மனிதர் உண்பதற்காகப் பதமாக வேகவைத்து, வடித்து, குழம்போடும் கறியோடும்..."

"பதம் என்றால், சாமி?" என்றார் வீரணன்.

"அடேய்!" ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்துவிட்டார். "சாப்பாடு என்றால் சாப்பாடுடா! அதுகூடவா தெரியாது?"

வடிவம்மை எழுந்து கும்பிட்டாள். "தெரியும், மகாராஜா. ஏரி என்றால் ஏரி என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடிய சொல்லுக்குத்தான் வரையறை வேண்டும். மாசாணத்தின் ஓலையில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. பண்டிதர் அதை மட்டும் கேட்கவில்லை."

"எந்தச் சொல்?"

"'கொஞ்சம் ஆட்கள்'. பண்டிதரே, கொஞ்சம் என்றால் எத்தனை பேர்?"

"நாலைந்து பேர்" என்றார் பண்டிதர்.

"மாசாணம், நீ சொல்."

"எரநூறு பேராவது வேணுமுங்க, அம்மா!"

ராஜா உடனே உத்தரவு போட்டார். அடுத்த நொடி இருநூறு வீரர்கள் மண்வெட்டியோடு கூளப்பாடிக்குக் கிளம்பினார்கள். "பண்டிதரே, நீரும் போம். ஆராய்ச்சியை அங்கே நேரில் செய்யும்" என்று அவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார். பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஏரி பிழைத்தது. மறுநாள் பண்டிதர் தலைமுதல் கால்வரை சேறாக வந்து நின்றார்.

"என்ன பண்டிதரே, உடைப்பை நன்றாகப் பார்த்தீரா?" என்று கேட்டார் ராஜா.

"எங்கே பார்க்க விட்டார்கள், மகாராஜா? மண் வந்து சேரும்வரை தண்ணீரை மறிக்க வேண்டுமாம். வந்தவர்களில் நான்தான் அகலமாம். என்னையே உடைப்பில் உட்காரவைத்துவிட்டார்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. வடிவம்மைக்கு ஒரு முத்துமாலை கொடுத்தார். பண்டிதருக்கு முதலில் வெந்நீர், அப்புறம் ஒரு பட்டு வேட்டி.