அசையாத முள்

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் ரத்தினசாமி அண்ணாச்சிக்குக் கார் பட்டறை. அவரிடம் தொழில் படிக்க வந்த பொன்னுராசுக்கு இப்போது பேரன் இருக்கிறான். அண்ணாச்சிக்குப் பொன்னுராசு இன்னும் சீடன்தான்.

அன்று, அவனோடு தொழில் படித்த லூர்து தன் வெள்ளைக் காரைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தான். கார் கரும்புகை கக்கியது. பெட்ரோலை அள்ளிக் குடித்தது. மறுநாள் அவன் ஊரைவிட்டே போகிறான், ஓசூரில் மகள் வீட்டுக்கு.

பொன்னுராசு பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

“கலப்பட பெட்ரோலா இருக்கும் அண்ணாச்சி. அவன் புத்தி எனக்குத் தெரியாதா?”

ஒரு காலத்தில் அவனுக்கும் லூர்துவுக்கும் ஒரே ஸ்பானர் பெட்டி. சைலன்சர் முன்னால் குனிந்து புகையை மோந்து, பெட்ரோல் கூடவா குறைச்சலா என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் வடை வாங்க வேண்டும். அந்த வடை ருசி பொன்னுராசு நாக்கில் இன்னும் இருந்தது. சேர்ந்து பட்டறை போடலாம் என்று சொன்ன லூர்து, சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போன கசப்பும் அதே நாக்கில்தான் இருந்தது.

“திரும்பி வந்து உன் வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டான்லா?” என்றார் அண்ணாச்சி.

“கேட்டான். செருப்பைக்கூடக் கழட்டாம கேட்டான்.”

“உன் மக கல்யாணத்துல பந்தி பரிமாறினானே.”

“அவன் வரிசையிலதான் பாயசம் எட்டல.”

அண்ணாச்சி எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயரில் மீட்டரை மாட்டினார். அந்தக் காலத்தில் இவர்கள் மூக்கு பார்த்த வேலையை இப்போது அந்தச் சென்சார்தான் பார்க்கிறது. புகையை மோந்து எஞ்சினுக்குச் சொல்கிறது.

“முள்ளு அடியில கெடக்கு. என்ன சொல்லுது?”

“பெட்ரோல் குறைச்சலாம்.”

எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில், பெட்ரோல் போல எரியும் ஸ்ப்ரேயை அண்ணாச்சி அடித்தார். எஞ்சின் மூச்சு முட்டி இருமியது. முள் அசையவில்லை.

“இப்ப?”

“இப்பவும் குறைச்சல்ங்குது.”

“இது பேச்சை நம்பி எஞ்சின் பெட்ரோலை ஊத்துது. எவ்வளவு ஊத்தினாலும் இது குறைச்சல்ங்குது. பெட்ரோல் என்னலே பண்ணும்? கழட்டு.”

பொன்னுராசு ஸ்பானரோடு குனிந்தான். சென்சார் லேசில் வரவில்லை. வந்தபோது அதன் தலை கரி அப்பிக் கிடந்தது. நிமிர்ந்தவன் டீக்கடையைப் பார்த்தான். லூர்து முன்னால் தட்டில் இரண்டு வடை. ஒன்றைக் கடித்திருந்தான். மற்றதைத் தொடவில்லை.

புதுசை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கரும்புகை நின்றது. முள் மேலே ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

பொன்னுராசு முகத்தைச் சுளித்தான்.

“என்ன அண்ணாச்சி, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது? குறைச்சல்ங்குது, போதும்ங்குது, திரும்பக் குறைச்சல்ங்குது. இதை எப்படி நம்புறது?”

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டார். எஞ்சினை அணைத்து, டீக்கடைப் பக்கம் பார்த்தபடி லூர்துவின் கார் சாவியை எடுத்துப் பொன்னுராசு உள்ளங்கையில் வைத்தார்.

“இதுக்குப் போதும்னும் சொல்லத் தெரியுதுல்லா.”